எதிலிருந்து எடுத்தது? பழைய படங்களின் மீட்டெடுப்பும் சேகரிப்பாளர் இறுவட்டுகளும்

போன மாரிக்கு அக்காவின் மகன் திருகோணமலைக்கு வந்து எங்கள் வீட்டில் ஒரு கிழமை நின்றான். என் அலுமாரியைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டான்: "மாமா, இந்தப் படமெல்லாம் யூடியூப்பில சும்மா கிடக்குதே. இதுக்குப் போய் ஏன் காசு குடுத்து வெளிநாட்டில இருந்து எடுப்பிக்கிறீங்கள்?"

வாயால் பதில் சொல்லவில்லை. வங்காள இயக்குநர் சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யில் நாணல் வெளியைத் தாண்டி இரண்டு பிள்ளைகளும் ரயில் பார்க்க ஓடும் இடத்தை முதலில் போனில் போட்டுக் காட்டினேன். பிறகு அதே இடத்தை, டிவிடிக்கு அடுத்து வந்த புளூரே இறுவட்டில் ரீவியில் போட்டேன். போனில் நாணல் ஒரு வெள்ளைப் புகைபோலத்தான் தெரிந்தது. இறுவட்டில் ஒவ்வொரு பூவும் தனித்தனியாக ஆடியது. "அப்ப இதை என்ன செய்திருக்கினம்?" என்று கேட்டான். அவனுக்கு அன்று துண்டு துண்டாகச் சொன்னதைத்தான் இங்கே ஒழுங்காக எழுதுகிறேன்.

முதலில் பிலிம் என்ற பொருளைத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்றைய பிள்ளைகளுக்குப் படம் என்றால் ஒரு ஃபைல். அந்தக் காலத்தில் அது 35 மில்லிமீற்றர் அகலமான நீளச் சுருள். ஒரு செக்கனுக்கு 24 நிழற்படங்கள் ஓடும். ஒவ்வொன்றுக்கும் பிரேம் என்று பேர். ஒரு நிமிடப் படத்துக்கு 90 அடி பிலிம் வேண்டும். எங்கள் பழைய தமிழ்ப் படம் ஒன்று இரண்டரை மணித்தியாலம் ஓடினால் 13,500 அடி, அதாவது நான்கு கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. அதை விரித்துக்கொண்டு கோட்டை வாசலிலிருந்து நடந்தால் ஏறக்குறைய உப்புவெளிக்குக் கிட்டப் போய்விடலாம். அந்த நீளத்தில் 2,16,000 பிரேம்கள் இருக்கும். படம் கெடுவதென்றால் இத்தனையும் தனித்தனியாகக் கெடுவதுதான். மீட்பதும் அப்படித்தான்.

சரி, யூடியூப்பில் கிடப்பது ஏன் அப்படி மங்கிப்போய் இருக்கிறது? இதற்குக் கச்சேரியில் காத்து நின்ற எவருக்கும் விளங்கும் ஓர் உதாரணம் உண்டு. பிறப்புச் சான்றிதழின் மூலப் பிரதியைப் போட்டோக்கொப்பி எடுத்தால் நன்றாகத்தான் வரும். அந்தக் கொப்பியை வைத்து இன்னொரு கொப்பி, அதை வைத்து இன்னொன்று என்று போனால் நாலாவது ஐந்தாவதில் எழுத்துத் தடித்து, முத்திரை கறுத்து, கையெழுத்து இருந்த இடத்தில் ஒரு கீறல் மட்டும் மிஞ்சும். திரைப்படத்துக்கும் இதேதான் நடந்தது.

கமராவுக்குள் ஓடி, வெளிச்சம் நேரே பட்டு, பிறகு வெட்டி ஒட்டப்பட்ட பிலிம்தான் மூல நெகட்டிவ். வெளிச்சமும் இருளும் அதில் இடம் மாறித் தெரியும். உலகத்தில் ஒன்றுதான் இருக்கும். அதைத் திரும்பத் திரும்ப மெஷினில் ஓட்டினால் தேய்ந்துவிடும் என்பதால் அதிலிருந்து ஒரு மாஸ்டர் பொசிட்டிவ், அதாவது நேரான உருவம் தெரியும் பிரதி, எடுப்பார்கள். அதிலிருந்து டூப் நெகட்டிவ், அதாவது நெகட்டிவின் நகல். அதிலிருந்துதான் தியேட்டருக்குப் போகும் பிரதிகள். ஆக, தியேட்டரில் நல்ல பிரதி பார்த்தவர்கூட மூலத்துக்கு மூன்று தலைமுறை தள்ளித்தான் பார்த்திருக்கலாம். ஒவ்வொரு தலைமுறையிலும் நுணுக்கம் கொஞ்சம் கரையும், கறுப்பு இன்னும் கறுக்கும், வெள்ளை வெளிறும்.

அந்தப் பிரதியும் ஊர் ஊராக ஓடி, கொழும்பில் ஓடி முடித்துத் திருகோணமலைக்கு வரும்போது திரையில் மழை பெய்யும். கீறல் விழுந்த பிலிமைப் பார்த்து நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ரீல் முடியும் இடங்களில் அறுந்து ஒட்டி ஒட்டி, வசனம் பாதியில் குதிக்கும். பிற்காலத்தில் அப்படியொரு களைத்த பிரதியிலிருந்துதான் பல படங்கள் வீடியோவுக்கு மாற்றப்பட்டன. அதன் கசெட்டிலிருந்து இன்னொரு கசெட், அதிலிருந்து வேறொன்று.

அந்தக் கடைசிக் கசெட்டுகளில்தான் என் தலைமுறை படம் பார்த்தது. ரீவியும் டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்து, விடிய விடிய மூன்று நாலு படம் ஓடும். கடைசிப் படத்துக்கு முன் சின்னப் பிள்ளைகள் நித்திரையாகிவிடும். முகம் சரியாகத் தெரியாத நடிகர்களுக்காக அழுதிருக்கிறோம். பெட்டிக்குள் வெறும் நிழல் அசைந்தாலும் குரலை வைத்து ஆளைச் சொல்லிவிடுவோம். அந்த இரவுகளை நான் எதற்கும் மாற்றமாட்டேன். ஆனால் நாங்கள் பார்த்தது அந்தப் படங்களின் ஏழாவது எட்டாவது போட்டோக்கொப்பி என்று பல வருடங்களுக்குப் பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. யூடியூப்பில் இன்று கிடப்பவற்றில் பலவும் அந்தக் கசெட்டின் பேரப்பிள்ளைகள்.

மீட்டெடுப்பு என்றால் இந்த வரிசையில் பின்னோக்கி நடந்து, மூலத்துக்கு எவ்வளவு கிட்டப் போக முடியுமோ அவ்வளவு கிட்டப் போவது. ரீஸ்டோரேஷன் என்று இறுவட்டு உறையில் போட்டிருப்பது இதைத்தான். பளபளப்பாக்குவது பிறகு வரும் வேலை, அதுவும் சின்ன வேலை. முதல் வேலை தேடுவது. மூல நெகட்டிவ் எங்கே இருக்கிறது, முழுதாக இருக்கிறதா, இல்லையென்றால் அடுத்த நல்ல பிரதி எந்த நாட்டு ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது என்று தேடுவதற்கே வருடங்கள் போகும்.

தேடிக் கண்டுபிடித்தாலும் அது உயிரோடு இருக்க வேண்டும். 1950களின் தொடக்கம் வரை 35 மில்லிமீற்றர் படங்கள் பெரும்பாலும் நைட்ரேட் பிலிமில்தான் எடுக்கப்பட்டன. அது தீப்பிடித்தால் தண்ணீருக்குள் போட்டாலும் எரியும், ஏனென்றால் எரிவதற்கான ஒட்சிசனைத் தானே தந்துவிடும். அதற்குப் பின் வந்த அசிட்டேட் பிலிம் எரியாது என்று எல்லாரும் நிம்மதிப்பட்டார்கள். அதற்கு வேறொரு நோய் இருந்தது. சூடும் ஈரமும் பட்டால் அது மெல்ல உடைந்து அசற்றிக் அமிலத்தை வெளிவிடும். டப்பாவைத் திறந்தால் வினாகிரிப் போத்தலைத் திறந்த வாசம் அடிக்கும். பிலிம் சுருங்கி, முறுக்கி, கடைசியில் சிப்ஸ் போல நொறுங்கும். வெளிவரும் அமிலமே அழிவை இன்னும் விரைவாக்கும், பக்கத்து டப்பாவுக்கும் பரவும். சூடும் ஈரமும் என்றால் எங்கள் ஊர்க் காலநிலையேதான். தெற்காசியாவில் குளிரூட்டி இல்லாத அறைகளில் கிடந்த நெகட்டிவ்களின் கதி எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கலர்ப் படங்களுக்கு இன்னொரு கேடு: 1950இல் வந்த ஈஸ்ட்மன்கலர் வகைப் பிரதிகளில் நீலப்பச்சைச் சாயம் மற்றவற்றுக்கு முந்தி வெளிறும். அதனால்தான் பழைய பிரதிகளில் வானமும் புல்லும் ஆட்களும் எல்லாம் ஒரே ரோஸ் நிறமாகிவிடுகின்றன.

மருமகனுக்குக் காட்டிய அந்தப் படத்தின் கதையைச் சொன்னால் மீட்பு என்பது எவ்வளவு தூரம் போகும் என்று விளங்கும். 'பதேர் பாஞ்சாலி' உட்பட, அப்பு என்பவனின் கதையைச் சொல்லும் ராயின் மூன்று படங்களின் மூல நெகட்டிவ்கள் 1993இல் லண்டன் ஆய்வுகூடம் ஒன்றில் நடந்த தீ விபத்தில் எரிந்தன. எரிந்ததையும் எறியாமல் அமெரிக்காவின் ஒஸ்கார் அக்கடமியின் ஆவணக்காப்பகத்துக்கு அனுப்பி வைத்தார்கள். இருபது வருடம் அப்படியே கிடந்தது. பிறகு இறுவட்டு வெளியிடும் கிரைட்டீரியன் நிறுவனமும் அக்கடமியும் சேர்ந்து அவற்றை இத்தாலியின் பொலோஞ்ஞா நகரிலுள்ள லிம்மாஜினே ரித்ரோவாத்தா என்ற ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோயின. காய்ந்து ஒட்டிப்போயிருந்த பிலிமுக்குத் திரும்ப ஈரம் ஏற்றி, ஓரத்துத் துளைகளைக் கையால் ஒட்டிச் சரிசெய்தார்கள். கைவேலைக்கு மட்டும் ஏறக்குறைய ஆயிரம் மணித்தியாலம். அத்தனை பாடுபட்டும் 'பதேர் பாஞ்சாலி'யில் 40 வீதத்தை மட்டுமே மூல நெகட்டிவிலிருந்து எடுக்க முடிந்தது. மிச்சத்தை வேறு காப்பகங்களில் இருந்த டூப் நெகட்டிவ்களிலிருந்தும் மாஸ்டர்களிலிருந்தும் சேர்த்தார்கள். 2015இல் அது திரும்பத் திரைக்கு வந்தது, அதே வருடம் இறுவட்டிலும் வந்தது. அந்த நாணல் பூக்களைப் பார்க்கும்போதெல்லாம், கருகின சுருளைக் குப்பையில் போடாமல் விட்ட மனிதரை நினைத்துக்கொள்வேன்.

பிலிம் ஓடக்கூடிய நிலைக்கு வந்தபின் ஸ்கேன். ஒவ்வொரு பிரேமையும் தனித்தனியாகப் படம் பிடிக்கும் மெஷின் அது. 4கே என்று சொல்வது ஒரு பிரேமின் அகலத்தில் ஏறக்குறைய நாலாயிரம் புள்ளிகள் இருப்பதை. நல்ல 35 மில்லிமீற்றர் நெகட்டிவில் இருக்கும் நுணுக்கத்தைப் பிடிக்க அது தேவைப்படும். அந்தத் தரத்தில் ஒரு பிரேம் சுமார் 50 மெகாபைட் என்றால் இரண்டரை மணித்தியாலப் படம் பத்து டெராபைட்டைத் தாண்டும்.

கீறல்களைக் குறைக்க ஒரு அழகான வழி இருக்கிறது. பிலிமை ஒரு திரவத்துக்குள்ளால் ஓடவிட்டு ஸ்கேன் பண்ணுவார்கள். டச்சுக்குடாக் கரையில் அலை அரைத்த போத்தல் துண்டு பொறுக்கியிருப்பீர்கள். காய்ந்திருக்கும்போது மேற்பரப்பெல்லாம் வெள்ளை பூத்திருக்கும். தண்ணீரில் நனைத்ததும் கண்ணாடியாகத் தெளியும். தேய்ந்த பள்ளங்களைத் தண்ணீர் நிரப்புவதால் வெளிச்சம் சிதறாமல் நேரே போகிறது. பிலிமின் கீறலுக்குள்ளும் அந்தத் திரவம் நிறைந்து கீறலைக் கண்ணுக்கு மறைத்துவிடுகிறது. அதற்குப் பிறகும் மிஞ்சும் தூசி, கறை, கிழிவு எல்லாம் கணினியில் பிரேம் பிரேமாகச் சுத்தம் செய்யப்படும். சென்னையில் உள்ள பிரசாத் நிறுவனத்தில் வெளிநாட்டுப் படங்களுக்குக்கூட இந்த வேலை நடக்கிறது.

இந்தச் சுத்தம் செய்வதில்தான் நல்ல மீட்டெடுப்பும் கெட்டதும் பிரிகின்றன. ஆரம்பக்காரர் அதிகம் ஏமாறுவதும் இங்கேதான் என்பதால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். பிலிமில் உருவம் பதிவதே மிகச் சிறிய வெள்ளிக் குறுணல்களால்தான். கிரெய்ன் என்பார்கள். பெரிய திரையில் உற்றுப் பார்த்தால் வானத்திலும் சுவரிலும் மெல்லிய மணல் அசைவதுபோலத் தெரியும். பழகாத கண்ணுக்கு அது அழுக்கு மாதிரி இருக்கும். அதனால் சில நிறுவனங்கள் கணினியில் அதைத் துடைத்துவிடுகின்றன. துடைத்தால் அதோடு சேர்ந்து முகத்தின் தோல், சேலையின் நூல், மரத்தின் பட்டை எல்லாம் போய்விடும். ஆட்கள் மெழுகுப் பொம்மைகள் போல வழுவழுவென்று நிற்பார்கள். பிலிமில் உருவத்தைத் தவிர்த்துத் தனியாகக் கிரெய்ன் என்று ஒன்றும் இல்லை, இரண்டும் ஒன்றுதான். என் கண்ணுக்கு, கீறல் விழுந்த பிரதியாவது உண்மையாக முதுமை அடைந்தது. மெழுகு பூசினது அப்படியில்லை. இப்போது செயற்கை நுண்ணறிவை வைத்து இல்லாத நுணுக்கத்தை உண்டாக்கும் வேலையும் நடக்கிறது. கண்ணுக்குக் கூர்மையாக இருக்கும். ஆனால் அந்தக் கண்ணிமை அந்த நடிகையுடையதல்ல.

நிறத்திலும் இதே நேர்மை வேண்டும். படம் வந்த காலத்தில் எப்படி இருந்தது என்பதற்கு நல்ல பழைய பிரதி ஒன்றையோ, உயிரோடிருந்தால் ஒளிப்பதிவாளரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு சரிசெய்வார்கள். அப்படிச் செய்யாத இடங்களில் பழைய படங்கள் இன்றைய ரசனைக்கு ஏற்ப மஞ்சளாகவும் நீலப்பச்சையாகவும் மாறிவிடுகின்றன. ஒலியைப் பொறுத்தவரை என் எண்ணம் ஒன்றுதான்: பழைய படம் மோனோவில், அதாவது ஒரே ஒலித்தடத்தில், வந்திருந்தால் அந்த மோனோவும் இறுவட்டில் இருக்க வேண்டும். ஆறு ஸ்பீக்கருக்குப் பிரித்தது வேண்டுமானால் கூடவே இருக்கட்டும்.

இனி வாங்கும் பக்கம். மீட்டெடுப்பைச் செய்வது பெரும்பாலும் காப்பகங்களும் ஸ்டூடியோக்களும். சேகரிப்பாளர்களுக்காக இறுவட்டுப் போடும் நிறுவனங்கள் உரிமை வாங்கி, நல்ல உறை, கட்டுரைகள் உள்ள சிறு புத்தகம், விளக்க உரை, பேட்டிகள் எல்லாம் சேர்த்து வெளியிடும். சில அவர்களே செலவழித்தும் மீட்பார்கள். 1984இல் தொடங்கிய அமெரிக்காவின் கிரைட்டீரியன், பிரித்தானியாவின் பிஎஃப்ஐ, யுரேக்கா, ஆரோ, செகண்ட் ரன் போன்றவை இந்தத் துறையில் நம்பிப் பார்க்கக்கூடிய பெயர்கள். சில வெளியீடுகள் குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் அச்சாகும். முடிந்தால் முடிந்ததுதான்.

உறையின் பின்பக்கத்தைப் படிக்கப் பழகுங்கள். "மூல கமரா நெகட்டிவிலிருந்து புதிய 4கே ஸ்கேன்" என்ற பொருளில் இருந்தால் அதைவிட நல்ல சொல் இல்லை. எதிலிருந்து எடுத்தது என்று சொல்லியிருக்கிறார்கள். "ரீமாஸ்டர்" என்று மட்டும் இருந்தால் சந்தேகப்படலாம். பழைய வீடியோ மாஸ்டரையே எடுத்துக் கொஞ்சம் கூர்மையாக்கி விட்டாலும் அந்தச் சொல்லைப் போடுகிறார்கள். "எச்டி" என்பது இறுவட்டில் உள்ள படத்தின் புள்ளிக் கணக்கைச் சொல்கிறதே தவிர அதற்குள் வந்ததன் தரத்தைச் சொல்லவில்லை. கசெட்டை எடுத்து புளூரேயில் போட்டாலும் அதுவும் எச்டிதான். ஒரு விற்பனையாளரிடம் இப்படி ஒன்றை நானும் வாங்கி ஏமாந்திருக்கிறேன்.

இன்னொரு குழப்பம்: 4கே மீட்டெடுப்பு என்று எழுதியிருந்தாலும் உள்ளே சாதாரண புளூரே இருக்கலாம். அது பொய்யில்லை. ஸ்கேன் 4கேயில், வெளியீடு 1920க்கு 1080 புள்ளியில். டிவிடியில், எங்கள் நாட்டு ரீவி முறையான பால் (PAL) முறையில், 720க்கு 576தான், ஆகவே அதுவே பெரிய முன்னேற்றம். 2016இல் வந்த அல்ட்ரா எச்டி இறுவட்டில்தான் 3840க்கு 2160. பால் டிவிடியில் வேறொரு சங்கதியும் உண்டு. செக்கனுக்கு 24 பிரேம் ஓட வேண்டிய படத்தை 25 ஆக ஓட்டுவார்கள். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும், குரலும் ஒரு துளி ஏறும். பல வருடமாக டிவிடியில் கேட்ட பாட்டை முதன்முறை புளூரேயில் கேட்டபோது மெல்லப் போகிறதே என்று நினைத்தேன். அதுதான் சரியான வேகம்.

ஒரு பிராந்தியத்தின் இறுவட்டை வேறு பிராந்தியத்தின் பிளேயரில் ஓடவிடாத பிராந்தியப் பூட்டு எங்களைப் போன்றவர்களுக்கு முக்கியம். புளூரேயில் அமெரிக்கா ஏ, ஐரோப்பா பி, தெற்காசியா சி. அமெரிக்க இறுவட்டுகளில் பல இங்கே வாங்கிய பிளேயரில் ஓடாது. ஒன்றில் எல்லாப் பிராந்தியமும் ஓடும் பிளேயர் வாங்க வேண்டும், இல்லையென்றால் பூட்டில்லாத வெளியீடாகப் பார்க்க வேண்டும். அல்ட்ரா எச்டி இறுவட்டுக்கு இந்தப் பூட்டு இல்லை. வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரரிடம் சொல்லி வாங்குவதென்றால் இதை முதலிலேயே தெளிவாக எழுதி அனுப்புங்கள். போட்டுப் பார்க்கும்போது ரீவியில் பக்கவாட்டில் கறுப்புப் பட்டை வந்தால் ரிமோட்டை எடுத்து இழுத்து நிரப்ப வேண்டாம். பழைய படங்களின் சட்டகம் கிட்டத்தட்டச் சதுரம். அந்தப் பட்டை இருந்தால்தான் தலையும் காலும் வெட்டுப்படாமல் இருக்கும்.

தமிழுக்கு வரும்போது எனக்கு மனம் கனக்கிறது. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' இன்று இல்லை. 1964இன் 'கர்ணன்' டிஜிற்றலில் மீட்கப்பட்டு 2012இல் தியேட்டருக்குத் திரும்ப வந்தபோது சனம் நிறைந்து வழிந்தது. பார்க்க ஆட்கள் இல்லை என்று அதற்குப் பிறகு யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் மூலத்திலிருந்து ஒழுங்காக மீட்கப்பட்டு, புத்தகத்தோடும் நல்ல ஆங்கில உபதலைப்புகளோடும் இறுவட்டில் வந்த தமிழ்ப் படங்கள் மிகச் சில. எங்கள் நாட்டுத் தமிழ்ப் படங்களின் நிலை இன்னும் மோசம். முதற்படமான 'சமுதாயம்' 1962இல் 16 மில்லிமீற்றரில் எடுக்கப்பட்டது. 1983 யூலையில் ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது நெகட்டிவ்களும் சேர்ந்து எரிந்தன. அங்கே கருகியதைப் பொறுக்கி எடுத்து வைக்க எவரும் இருக்கவில்லை. 2014இல் மும்பையில் தொடங்கப்பட்ட ஃபிலிம் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன், சுமித்ரா பீரிஸின் 'கெஹெனு லமாய்' என்ற 1978ஆம் ஆண்டுச் சிங்களப் படத்தை மீட்டு, 2025இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் திரையிட்டது. இலங்கைப் படத்துக்கு அது முடியுமென்றால், எங்கோ ஒரு காப்பகத்திலோ வெளிநாட்டு ஆய்வுகூடத்திலோ எங்கள் தமிழ்ப் படத்தின் டூப் நெகட்டிவ் ஒன்று கிடக்கக்கூடும் என்று தேடுவதும் வீண் வேலையாகாது.

வாங்கியதை எங்கள் ஊரில் வைத்திருப்பதும் ஒரு வேலை. கடற்காற்றின் உப்பும் மாரியின் ஈரமும் உறைத் தாளில் பூஞ்சணம் பிடிக்க வைக்கும். இறுவட்டுகளைப் படுக்க வைக்காமல் புத்தகம்போல நிறுத்தி, வெயில் விழாத, வெளிச்சுவரோடு ஒட்டாத அலுமாரியில் வையுங்கள். மூலைக்கு ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, ஒக்டோபரில் மழை தொடங்கமுன் மாற்றிவிடுங்கள். துடைப்பதென்றால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக மெல்லிய துணியால் துடைக்க வேண்டும், வட்டமாக அல்ல.

அந்த அலுமாரியிலேயே உங்கள் வீட்டுக் கலியாணக் கசெட்டும் கிடக்கும். அதைக் கடையில் கொடுத்து டிஜிற்றலாக்கும்போது பழைய சீடிப் பிரதியைக் கொடுக்காதீர்கள், முதல் கசெட்டைத் தேடி எடுத்துக் கொடுங்கள். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சணம் தெரிந்தால் டெக்கில் போட்டுப் பார்க்க வேண்டாம். நாடா அறுந்துபோகும், டெக்கின் ஹெட்டும் கெடும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் முதலில் காட்டுங்கள். வேலை முடிந்த பிறகு, "இனி இது எதுக்கு, எறிஞ்சிடவா?" என்று கடைக்காரர் கேட்டால், திருப்பித் தரச் சொல்லி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.